குளிர்காலத்தில் தேனீப் பெட்டி செத்துப்போனால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

மார்ச் மாதம், வெயில் அடிக்கும் ஒரு மதியம். பக்கத்துப் பெட்டியின் வாசலில் தேனீக்கள் பறக்கின்றன, இந்தப் பெட்டியில் ஒன்றையும் காணோம். பக்கப் பலகையில் காதை வைத்து விரலால் தட்டினாலும் இரைச்சல் இல்லை. மூடியைத் திறந்தால் ஒரு கைப்பிடித் தேனீக்கள், அடையைத் தாங்கும் மரச் சட்டத்தில் ஒட்டியபடி செத்திருக்கின்றன. மனசு கனத்துப் போகும். எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிக் கழுவிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். அடிப்பலகையில் கிடக்கும் அந்தக் குப்பைதான் உள்ளே என்ன நடந்தது என்று சொல்லப்போகிறது. முதலில் வாசலை அடைத்து மற்றக் கூட்டங்கள் தேன் திருட வராமல் செய்யுங்கள். பிறகு வெளிச்சத்தில் உட்கார்ந்து சட்டம் சட்டமாகப் பாருங்கள்.

என் பெட்டிகள் கனடாவில், டொராண்டோவுக்கு வடக்கே ஒரு நண்பரின் பண்ணை ஓரத்தில் இருக்கின்றன. ஐரோப்பியத் தேனீ, இரண்டு புழு அறை (ராணி முட்டையிட்டுப் புழு வளரும் அடுக்கு) அடுக்கிய, சட்டங்களைத் தனித்தனியே எடுக்கக்கூடிய லாங்ஸ்ட்ராத் வகைப் பெட்டி. ஒன்டாரியோவில் ஒரே ஒரு பெட்டி வைத்திருந்தாலும் மாகாண அரசிடம் பதிவு செய்ய வேண்டும். கீழே உள்ள நாள் கணக்கெல்லாம் இந்த ஊர்க் குளிருக்கு உரியது. உங்கள் ஊரில் முதல் உறைபனி முன்னதாகவோ தாமதமாகவோ வந்தால் அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளுங்கள்.

2021-22 குளிர்காலத்தில் கனடா முழுவதிலும் 45 சதவீதத்துக்கும் மேற்பட்ட கூட்டங்கள் செத்தன. இப்படிக் கேட்டதும் குளிரைத்தான் குறை சொல்லத் தோன்றும். என் முதல் வருடத்தில் இரண்டு பெட்டிகளும் போனபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் திடமான கூட்டத்தைக் குளிர் தனியாகக் கொல்வது அபூர்வம். வெளியே 14 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் தேனீக்கள் கொத்தாகத் திரளும். இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் நடுக்கி வெப்பம் உண்டாக்கும். வெளியே மைனஸ் 20 என்றாலும் புழு இருக்கும் நடுப்பகுதியை 34, 35 டிகிரியில் வைத்திருக்கும். அதற்குத் தேவை மூன்று: போதிய எண்ணிக்கையில் ஆரோக்கியமான தேனீக்கள், அவற்றின் வாய்க்கு எட்டும் தூரத்தில் தேன், தலைக்கு மேலே சொட்டாத கூரை. செத்த பெட்டியில் இவற்றில் ஒன்று இல்லாமல் போயிருக்கும். எது என்பதுதான் கேள்வி.

தேன் நிறைய இருக்கிறது, தேனீக்களைக் காணோம்

அதிகம் பார்ப்பது இதைத்தான். அக்டோபரில் நிறைந்திருந்த பெட்டி நவம்பரிலோ ஜனவரியிலோ காலி. தேனீக்கள் மெழுகால் மூடிய தேன் சட்டங்கள் அப்படியே இருக்கின்றன. ராணியைச் சுற்றி எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு சின்னக் கொத்து செத்திருக்கும், அல்லது அதுவும் இருக்காது.

எங்கள் ஊர் மார்த்தாண்டம் பக்கம். அப்பா ரப்பர் தோட்டத்தில் இந்தியத் தேனீ வளர்த்தார். அங்கே பெட்டி காலியாக இருந்தால் "கூட்டம் ஓடிப்போச்சு" என்பார்கள். அது உண்மையும்கூட. மழைக்காலத்தில் தீனி குறைந்தாலோ எறும்பு தொல்லை கொடுத்தாலோ இந்தியத் தேனீ பெட்டியை விட்டுக் கிளம்பிவிடும். அந்தப் பழக்கத்தில் முதல் வருடம் நவம்பர்க் குளிரில் மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தேன். ஐரோப்பியத் தேனீ அப்படி எளிதில் ஓடாது, அதிலும் நவம்பரில் ஓடவே ஓடாது. நோயுற்ற தேனீக்கள் ஒவ்வொன்றாக வெளியே பறந்து திரும்பாமல் செத்திருக்கின்றன. காரணம் பெரும்பாலும் வரோவா உண்ணி, தேனீயின் உடலில் ஒட்டி வாழும் ஒட்டுண்ணி.

உறுதி செய்ய மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது அடிப்பலகைக் குப்பை. அதை வெள்ளைத் தாளில் கொட்டினால் குண்டூசித் தலை அளவில், நண்டு ஓடு போன்ற செம்பழுப்புப் பூச்சிகள் தெரியும். இரண்டாவது, கடைசியாகப் புழு இருந்த சட்டம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று சட்டத்தைத் தலைகீழாகப் பிடியுங்கள். குழிகளின் மேற்சுவரில் உப்புத் தூள் போல வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அது உண்ணியின் எச்சம். கழுவாமல் வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான். மூன்றாவது, அங்கங்கே மிச்சமிருக்கும் மூடிய புழுக்கள். மூடிகள் கடிபட்டு ஓட்டையாக இருக்கும். வெளிவரும் நேரத்தில் செத்த இளம் தேனீக்களின் இறக்கை சுருண்டிருக்கும்.

இந்த உண்ணி முதலில் இந்தியத் தேனீயின் கூட்டாளி. ஆசியாவில் அவை இரண்டும் நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்தவை. இந்தியத் தேனீயின் கூட்டில் அது பெரும்பாலும் ஆண் புழுக் குழிகளில்தான் பெருகும். தேனீக்களும் ஒன்றையொன்று சுத்தம் செய்து அதைக் கடித்துப் போடும். ஐரோப்பியத் தேனீக்கு அந்தப் பழக்கம் போதாது. பணித் தேனீப் புழுவிலும் உண்ணி பெருகிவிடும். கனடாவில் இது முதலில் கண்டறியப்பட்டது 1989-இல்.

இப்போது ஆகஸ்டுக்கு வருவோம், ஏனென்றால் தப்பு அங்கேதான் நடந்திருக்கிறது. கோடைத் தேனீ ஐந்தாறு வாரம் வாழும். ஆகஸ்டு கடைசியிலிருந்து அக்டோபர் வரை பிறக்கும் தேனீ உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு நான்கு முதல் ஆறு மாதம் வாழும். குளிர்காலத்தைக் கடத்துவது இந்தத் தேனீக்கள்தான். உண்ணி தின்பது அந்தக் கொழுப்புத் திசுவைத்தான். கூடவே இறக்கையைச் சுருக்கும் வைரஸையும் ஏற்றிவிடும். ஆகஸ்டில் ராணி முட்டையைக் குறைக்கிறாள், உண்ணி குறையவில்லை. இருக்கும் கொஞ்சப் புழுக்களின் மேல் எல்லா உண்ணியும் போய் இறங்கும். ஜூலையில் பரவாயில்லை என்று தெரிந்த கூட்டம் செப்டம்பரில் கெட்டுப்போவது இதனால்தான். வெளியிலிருந்து பார்த்தால் தேன் வருகிறது, வாசலில் கூட்டம் நெருக்குகிறது, ஒன்றும் தெரியாது.

ஆகவே கணக்கெடுங்கள். திறந்த (இன்னும் மூடப்படாத) புழு இருக்கும் ஒரு சட்டத்தை எடுத்து, ராணி அதில் இல்லை என்பதை இருமுறை பாருங்கள். அரைக் கோப்பை, அதாவது ஏறக்குறைய 120 மில்லி அளவு தேனீக்களைச் சாராயம் ஊற்றிய ஜாடியில் போட்டு மூடி ஒரு நிமிடம் குலுக்குங்கள். மருந்துக் கடையில் விற்கும் தேய்ப்புச் சாராயம் (rubbing alcohol) போதும். வலையில் வடித்து, கீழே விழுந்த உண்ணிகளை எண்ணுங்கள். அந்த அளவில் சுமார் 300 தேனீக்கள் இருக்கும். மூன்றால் வகுத்தால் நூற்றுக்கு எத்தனை என்று வரும். ஒன்டாரியோவில் வசந்தத்தில் நூற்றுக்கு 2, ஆகஸ்டில் நூற்றுக்கு 3 வந்தால் மருந்து வைக்க வேண்டும். ஜாடியில் 9 உண்ணி என்பது ஆகஸ்டு எல்லை. 300 தேனீக்களைக் கொல்வதற்கு மனம் வருவதில்லை, எனக்கும் ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. ஆனால் நல்ல ராணி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் முட்டை இடுகிறாள். எண்ணாமல் விட்டால் போவது மொத்தக் கூட்டம்.

மருந்தில் மூன்று வழிகளை நான் நம்புகிறேன். அமிட்ராஸ் என்ற உண்ணிக்கொல்லி தோய்ந்த பட்டை: தேன் அறையை (நாம் எடுக்கும் தேன் சேரும் மேலடுக்கை) கழற்றிய பிறகு, ஐந்து சட்டத் தேனீக்கு ஒரு பட்டை வீதம், 6 முதல் 8 வாரம். முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், விட்டுவைத்தால் உண்ணிக்கு மருந்து பழகிவிடும். ஃபார்மிக் அமிலப் பட்டை: மூடிய புழுவுக்குள்ளும் ஊடுருவுவது இதன் பெரிய பலம். பகல் வெப்பம் 10-க்கும் 29-க்கும் இடையில் இருக்கும் நாள் பார்த்து வையுங்கள். வெயில் கூடினால் ராணியை இழக்க நேரும். மூன்றாவது ஆக்ஸாலிக் அமிலம். அது மூடிய குழிக்குள் போகாது, எனவே புழுவே இல்லாத நவம்பர் பிற்பகுதிதான் அதற்குக் காலம். சர்க்கரையும் தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்று கலந்த ஒரு லிட்டர் பாகில் 35 கிராம் கரைத்து, சட்டங்களுக்கு நடுவே தேனீ நிற்கும் ஒவ்வொரு இடுக்கிலும் 5 மில்லி விடுங்கள். ஒரு கூட்டத்துக்கு மொத்தம் 50 மில்லியைத் தாண்டக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அமிலத்தைச் சூடாக்கி ஆவியாக்குபவர்கள் அமில ஆவிக்கான முகமூடி இல்லாமல் பக்கத்தில்கூட நிற்காதீர்கள். எந்த மருந்தானாலும் உங்கள் நாட்டில் பதிவான பொருளா என்று பார்த்து, உறையில் உள்ளபடி செய்யுங்கள்.

மருந்து வைத்ததோடு முடியவில்லை. அக்டோபர் முதல் வாரத்தில் மறுபடி எண்ணுங்கள். அக்கம்பக்கத்தில் சாகும் கூட்டங்களில் உங்கள் தேனீ தேன் திருடப் போய், தேனோடு உண்ணியையும் கொண்டுவரும்.

தலையைக் குழிக்குள் விட்டபடி செத்திருக்கின்றன

இது பட்டினி. பார்த்தாலே தெரியும்: பின்பாகம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, வரிசை வரிசையாகக் குழிக்குள் தலை. கடைசித் துளியை நக்கப் போனவை. எனக்கு எல்லாக் காட்சிகளிலும் மிகவும் வேதனையானது இதுதான், ஏனென்றால் இதை நிச்சயம் தடுத்திருக்க முடியும்.

பெட்டியில் தேனே இல்லையென்றால் விஷயம் நேரடியானது. இரண்டு சட்டம் தள்ளி மூடிய தேன் இருந்தும் செத்திருந்தால் குழப்பமாக இருக்கும். கடுங்குளிரில் கொத்து கலையாது. புழு இருந்தால் அதை விட்டு ஒரு அங்குலம்கூட நகராது. பிப்ரவரியில் ராணி மறுபடி முட்டையிடத் தொடங்கியதும் தேன் செலவு வேகமாக ஏறும். அதே நேரத்தில் ஒரு வாரம் மைனஸ் 20 நீடித்தால், தேன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பட்டினி. கூட்டம் சிறியதாக இருந்தால் ஆபத்து அதிகம். அதனால் கொத்து சிறுத்துப் பட்டினி கிடந்த பெட்டியிலும் உண்ணிப் புள்ளிகளைத் தேடிப் பாருங்கள்.

ஒன்டாரியோவில் ஒரு கூட்டத்துக்கு 27 முதல் 30 கிலோ தீனி வைத்துக் குளிருக்குள் அனுப்புவது என் வழக்கம். இரு பக்கமும் நிரம்பிய ஓர் ஆழச் சட்டத்தில் இரண்டரை முதல் மூன்று கிலோ இருக்கும், ஆகப் பத்துச் சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் செப்டம்பரில் எடைக்கு இரண்டு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர் என்று கெட்டிப் பாகு கொடுங்கள். பகல் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் பாகை எடுத்து மூடி வைக்கத் தேனீக்களால் முடியாது, அதற்கு முன் முடித்துவிடுங்கள்.

வெள்ளைச் சர்க்கரை மட்டும். நம்மவர்கள் பலர் அன்பால் வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ கரைத்து ஊற்றுகிறார்கள். நமக்குச் சத்தான அந்தத் தாதுக்கள், மாதக்கணக்கில் மலத்தை அடக்கி வைத்திருக்கும் தேனீக்கு வயிற்றுப்போக்கு. கடைத் தேனும் வேண்டாம், அதில் நோய் வித்துகள் இருக்கலாம்.

குளிர்காலம் முழுக்க பெட்டியின் பின்பக்கத்தைக் கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கம் தூக்கி எடை, மறு பக்கம் தூக்கி எடை, இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய மொத்த எடை வரும். பிப்ரவரியில் லேசாகத் தெரிந்தால், காற்றில்லாத நாளில் சட்டங்களின் மேல் செய்தித்தாள் விரித்து அதில் இரண்டு கிலோ காய்ந்த சர்க்கரையைக் கொட்டி, தண்ணீர் லேசாகத் தெளித்து மூடிவிடுங்கள். மூடியைத் திறந்து மூட ஒரு நிமிடம் போதும். திறந்தால் செத்துவிடும் என்று பயந்து பட்டினி போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

எல்லாம் நனைந்து, பூஞ்சணம் பிடித்திருக்கிறது

முதலில் ஓர் எச்சரிக்கை: பூஞ்சணம் செத்த பிறகும் வரும். ஆகவே அதை மட்டும் வைத்து ஈரம்தான் கொன்றது என்று முடிவு கட்டாதீர்கள். உள்மூடியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே நீர்க்கறை ஓடியிருந்தால், அல்லது பனிக்கட்டி படிந்திருந்தால், தேனீக்களின் மேல் குளிர்ந்த நீர் சொட்டியிருக்கிறது. காய்ந்த தேனீ குளிரைத் தாங்கும், நனைந்த தேனீ தாங்காது.

அந்த நீர் வெளியிலிருந்து வந்தது அல்ல. தேனை எரித்து வெப்பமாக்கும்போது பிறக்கும் நீரும், தேனிலேயே உள்ள நீரும் சேர்ந்து, ஒரு கிலோ தேனுக்கு ஏறக்குறைய 650 மில்லி ஆவியாக வெளிப்படும். 20 கிலோ தின்றால் 13 லிட்டர். அது குளிர்ந்த கூரையில் பட்டால் நீராகி நேராகக் கொத்தின் தலையில் விழும்.

எனவே சுவரைச் சுற்றுவதற்கு முன் கூரையைச் சூடாக வையுங்கள். உள்மூடிக்கு மேலே 5 சென்டிமீட்டர் தெர்மோகோல் பலகை வைத்தால் நீர் பக்கச் சுவரில் படிந்து கீழே வழியும், தேனீயின் மேல் விழாது. மேலே ஒரு சின்ன வாசல் திறந்திருக்கட்டும், பெட்டி முன்பக்கம் ஒரு துளி சாய்ந்திருக்கட்டும். கறுப்புப் போர்வை சுற்றுவது நல்லதுதான், ஆனால் வடமேற்குக் காற்றை மறைக்கும் ஒரு வேலி அதைவிட நல்லது.

பெட்டியின் முகப்பில் பழுப்புக் கறை

சுத்தமான தேனீ கூட்டுக்குள் மலம் கழிக்காது. வெயில் வந்து வெளியே 10 டிகிரியைத் தொடும் நாளுக்காகக் காத்திருந்து பறந்து போய்க் கழிக்கும். அந்த நாளில் பனியின் மேல் மஞ்சள், பழுப்புப் புள்ளிகள் தெறித்திருந்தால் சந்தோஷப்படுங்கள், கூட்டம் உயிரோடு இருக்கிறது. வாசலிலும் முகப்பிலும் கோடு கோடாக வழிந்து, உள்ளே சட்டங்களின் மேலும் இருந்தால் வயிற்றுப்போக்கு. கெட்ட தீனி, நீண்ட அடைப்பு, ஈரம் இவற்றில் ஏதாவது. நோசிமா என்ற நுண்ணுயிரும் இருக்கலாம், ஆனால் கறையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. நுண்ணோக்கியில் வித்துகளை எண்ணினால்தான் தெரியும். பொத்தாம்பொதுவாக மருந்து ஊற்றாதீர்கள், 30 தேனீக்களைச் சாராயத்தில் போட்டுச் சோதனைக்கு அனுப்புங்கள்.

வாசல் முன் பனியில் செத்த தேனீக்கள்

பத்து, இருபது, ஐம்பதுகூடச் சாதாரணம். வெயில் நாளில் உள்ளே செத்தவற்றைத் தேனீக்கள் இழுத்து வெளியே போடுகின்றன. பனி வெள்ளையாக இருப்பதால் நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. வாசலுக்குள் ஒரு வளைந்த கம்பியை விட்டு, அடிப்பலகையில் செத்தவை குவிந்து வழி அடைபட்டிருந்தால் இழுத்துவிடுங்கள். மெல்லிய பனி மூடினால் பரவாயில்லை, அதில் காற்று போகும். உருகி உறைந்த பனிக்கட்டிதான் அடைக்கும்.

அடை கடிபட்டு, புல்லும் எச்சமுமாகக் கிடக்கிறது

சுண்டெலி. அக்டோபரில் குளிர் தொடங்கியதுமே வாசல் உயரத்தை 9 மில்லிமீட்டருக்குக் குறைத்துவிடுங்கள். எலி உள்ளே போன பிறகு வாசலைச் சுருக்கினால் அதை உள்ளே பூட்டியதாகிவிடும், அதனால் முதலில் ஒரு முறை அடிப்பலகையைப் பார்த்துவிட்டு வையுங்கள்.

உயிரோடு இருக்கிறது, ஆனால் ஏப்ரலில் பெருகவில்லை

மேப்பிளும் வில்லோவும் பூத்து மகரந்தம் வரும் காலத்தில் கூட்டம் சிறுத்துக்கொண்டே போனால், 12 டிகிரிக்கு மேல் உள்ள ஒரு நாளில் நடுச் சட்டத்தைப் பாருங்கள். பணித் தேனீக் குழிகளில் துப்பாக்கிக் குண்டு போலக் குவிந்த மூடிகள் மட்டும் இருந்தால் ஆண் புழு. ஒரு குழிக்கு ஒரு முட்டை, நடு அடியில் இருந்தால் ராணியின் விந்துச் சேமிப்பு தீர்ந்துவிட்டது. ஒரு குழியில் பல முட்டைகள் சுவரில் ஒட்டிக் கிடந்தால் ராணி இல்லை, பணித் தேனீக்கள் முட்டையிடுகின்றன. முதலாவதற்குப் புது ராணி வாங்கலாம், ஏப்ரலில் கிடைத்தால். இரண்டாவதற்குக் காசைக் கொட்டாதீர்கள், புது ராணியைக் கொன்றுவிடும்.

மூடிகள் அமுங்கி, கெட்ட நாற்றம்

இங்கே நிறுத்துங்கள். எண்ணெய் பூசியது போல் கறுத்து உள்ளே அமுங்கிய மூடி, அதில் ஓட்டை. தீக்குச்சியை உள்ளே விட்டு இழுத்தால் பிசின் நூல் போல இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீள்கிறதா? காய்ந்தவை குழியின் கீழ்ச்சுவரில் பெயர்க்க முடியாத கறுப்புப் பொருக்காக ஒட்டியிருக்கிறதா? அப்படியென்றால் அமெரிக்கன் ஃபவுல்ப்ரூட் என்ற தொற்று. அதன் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். ஒரு சட்டத்தையும் வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள். தேனீ ஆய்வாளருக்குச் சொல்லுங்கள். எரிக்கச் சொன்னால் எரித்துவிடுங்கள். கனடாவில் 2018 டிசம்பரிலிருந்து தேனீக்கான ஆன்டிபயாட்டிக்கும் கால்நடை மருத்துவரின் சீட்டோடுதான் கிடைக்கும். ஏற்கெனவே நோய் கண்ட கூட்டத்தில் அது வித்துகளைக் கொல்லாது, அறிகுறியை மறைக்கும்.

1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவுக்குள் தாய்லாந்தின் பெயர் கொண்ட 'தாய் சாக்புரூட்' வைரஸ் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்தில் பெட்டி பெட்டியாகக் காலியாயின. புழுக்கள் நீர் நிரம்பிய பை போல ஆகிச் செத்தன. அப்பா காலிப் பெட்டிகளின் சட்டங்களை நல்ல கூட்டங்களுக்குக் கொடுத்தார், வீணாக்க மனமில்லாமல். அந்த ரப்பர்த் தேன் சீசனுக்கு ஒரு பெட்டியும் மிஞ்சவில்லை. நோய்க்கூட்டின் சட்டத்தை நான் ஒருபோதும் மாற்றாததற்கு அதுவே காரணம்.

காரணம் தெரிந்த பிறகு பெட்டியை என்ன செய்வது

ஃபவுல்ப்ரூட் இல்லையென்று உறுதியானால் சட்டங்கள் உங்கள் சொத்து. உண்ணியாலோ பட்டினியாலோ செத்த பெட்டியின் அடையில் புதுக் கூட்டம் தாராளமாக வாழும், உண்ணி தேனீ இல்லாமல் பல நாள் வாழாது. செத்தவற்றைத் தூரிகையால் கூட்டுங்கள். குழிக்குள் மாட்டியவற்றைப் பிடுங்க வேண்டாம், புதுக் கூட்டமே சுத்தம் செய்துகொள்ளும். வயிற்றுப்போக்குக் கறை அதிகம் உள்ள சட்டங்களை நான் உருக்கிவிடுவேன். மற்றவற்றை வெப்பம் ஏறும் முன் உறைபெட்டியில் இரண்டு நாள் வைத்து, இறுகக் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் மெழுகு அந்து தின்றுவிடும்.

பிறகு உள்மூடியின் அடிப்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: எந்த மாதம் செத்தது, எத்தனை சட்டம் தேன் மீதி, வெள்ளைப் புள்ளி இருந்ததா இல்லையா. என் மூடிகளில் ஆறு வருடக் கணக்கு இருக்கிறது. ஆகஸ்டு முதல் ஞாயிறு தேன் அறையைக் கழற்றும்போது அதுதான் முதலில் கண்ணில் படும், பக்கத்தில் ஜாடியும் சாராயமும் தயாராக இருக்கும்.